வடக்கு கீழே இருக்கிறது: மட்டக்களப்பிலிருந்து அன்ட்ரோமீடாவைத் தேடிப் பிடிப்பது எப்படி

அன்ட்ரோமீடா என்ற கலக்சியைத் தேடப் போய் நான் மூன்று இரவுகளை வீணாக்கியிருக்கிறேன். கையில் இருந்தது ஐரோப்பிய வாசகர்களுக்காக அச்சடித்த வான்படம் ஒன்று. மிராக் என்ற வெள்ளியை, அதாவது நட்சத்திரத்தை, கண்டுபிடி, அங்கிருந்து மேலே போ என்று அது சொன்னது. நானும் கல்லடிக் கடற்கரை மணலில் மல்லாந்து கிடந்து மேலே, இன்னும் மேலே என்று தேடினேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நாலாவது இரவில், சரி, இந்தப் படத்தைத் திருப்பித்தான் பிடித்துப் பார்ப்போமே என்று தோன்றியது. திருப்பிப் பிடித்தேன். மிராக்கிலிருந்து பைனாகுலரை எதிர்ப்பக்கமாகக் கீழே இறக்கினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, கிடைத்துவிட்டது.

படத்தில் பிழை இல்லை. மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்தை ஒட்டி, பனைமர உயரத்தில் மறைந்து கிடக்கிறது. வடக்கு நோக்கி நின்றால் வானத்தின் வடக்குத் திசை நமக்குக் கீழ்நோக்கி ஓடும். இலண்டனில் இருப்பவருக்குத் துருவ நட்சத்திரம் வானத்தில் பாதிக்கு மேலே நிற்கும். அங்கே அன்ட்ரோமீடா உச்சந்தலைக்குப் பக்கத்தில் வரும். நமக்கு அது வடக்கு அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 56 பாகை உயரத்துக்கு ஏறும். நல்ல உயரம்தான். ஆனால் வழி சொல்லும் விதம் மாறிவிடுகிறது. இன்னொன்றும் மாறுகிறது: மாதம். அதைப் பிறகு சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்?

பள்ளிக்கூடத்தில் கலக்சி என்று படித்த விண்மீன் பெருங்கூட்டத்தைத்தான் இப்போது பேரடை என்று எழுதுகிறார்கள். நாம் வாழும் பால்வீதி ஒரு பேரடை. அதற்கு வெளியே நமக்கு அருகில் இருக்கும் பெரிய சுருள் பேரடை அன்ட்ரோமீடா. அருகில் என்பது வானியலாளர்களின் கணக்கில். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கருவி எதுவும் இல்லாத சாதாரணக் கண்ணுக்கு எட்டும் மிகத் தொலைவான பொருள்களில் ஒன்று இது. 964ஆம் ஆண்டிலேயே பாரசீக வானியலாளர் அல்-சூஃபி இதை ஒரு சிறு மேகம் என்று குறித்து வைத்தார். 1764இல் சார்ல்ஸ் மெசியே தன் பட்டியலில் 31ஆம் இலக்கத்தைக் கொடுத்தார். வான்படங்களில் ‘எம் 31’ என்று இருப்பது அதுதான்.

அந்த மேகம் பால்வீதிக்கு உள்ளே இருக்கும் வாயுவா, வெளியே இருக்கும் தனி உலகமா என்று நெடுங்காலம் சண்டை நடந்தது. 1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள் அதற்குள் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். சீராக மங்கி ஒளிரும் அந்த வகை விண்மீன்களின் துடிப்புக் காலம் தெரிந்தால் அவற்றின் உண்மையான ஒளியளவு தெரியும். அதிலிருந்து தூரத்தைக் கணக்கிடலாம். கணக்கு போட்டார், தூரம் பால்வீதிக்குள் அடங்கவில்லை. சண்டை முடிந்தது. இன்று அது நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்றும் தெரியும். பயப்பட வேண்டாம், சில நூறு கோடி ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

முதலில் மாதம்

இணையத்தில் எங்கே பார்த்தாலும் நவம்பர் மாதம் முன்னிரவில் பாருங்கள் என்று இருக்கும். நவம்பரில் இரவு 9, 10 மணிக்கு அன்ட்ரோமீடா உச்சத்தில் நிற்பது உண்மை. ஆனால் நவம்பரில் நம் ஊர் வானத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? வாடைக்காற்றோடு மாரி மழை தொடங்கிவிடும். இங்கே வயதானவர்களிடம் நவம்பர் என்றால் 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைத்தான் சொல்வார்கள். நட்சத்திரம் பார்க்கும் மாதம் அது இல்லை.

நமக்கு இரண்டு வாசல்கள் உண்டு. பெரிய வாசல் ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை. அதற்குத் தூக்கத்தை விட வேண்டும். ஜூலை நடுப்பகுதியில் அதிகாலை 3 மணிக்கு நல்ல உயரத்தில் இருக்கும். ஆகஸ்ட் நடுப்பகுதியில் நள்ளிரவுக்கே போதிய உயரம் வந்துவிடும். செப்டம்பர் நடுப்பகுதியில் இரவு 10 மணிக்கே பார்க்கலாம். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான் சிறந்தது: நேரமும் வசதி, பெரும்பாலும் வானமும் தெளிவு. பின்னேரம் இடி மின்னலோடு ஒரு மழை பெய்து ஓய்ந்த இரவு என்றால் இன்னும் நல்லது. கச்சான் காற்று கிளப்பிய தூசியெல்லாம் அடங்கி, வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும்.

சின்ன வாசல் தைப்பொங்கலை ஒட்டித் திறக்கும். மழை விட்டுவிட்டால் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி முதல் வாரம் வரை இரவு ஏழரை மணிக்கு வடமேற்கில் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இதுதான் தோதான நேரம். ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும், தள்ளிப் போடாதீர்கள்.

பிறகு நிலா

நாட்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள். நிலா வெளிச்சத்தில் இந்த வேலை நடக்காது. போயா தினத்துக்கு லீவு கிடைக்கிறதே, அன்றைக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. போயா என்றாலே பௌர்ணமி, அதுதான் மாதத்திலேயே மோசமான இரவு. அன்றைக்குக் கல்லடிப் பாலத்தடிக்குப் போய், வாவிக்குள்ளிருந்து கேட்கும் பாடும் மீனுக்குக் காது கொடுங்கள். அதற்கு நிலா நாள்தான் நல்லது என்று சொல்வார்கள்.

அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாட்கள் என்று வைத்துக்கொண்டால் தவறாது. கொஞ்சம் நுணுக்கமாகப் பார்த்தால் இன்னும் சில நாட்கள் கிடைக்கும். ஆகஸ்ட் மாதம் நள்ளிரவுக்குப் பிறகு பார்க்கப் போகிறீர்கள் என்றால் வளர்பிறை அட்டமி வரைக்கும்கூடப் பரவாயில்லை, நிலா நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். ஜனவரியில் முன்னிரவு என்றால் பௌர்ணமி கழிந்து நாலு நாள் போனதும் தொடங்கலாம், தேய்பிறை நிலா பிந்தித்தான் உதிக்கும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடிவிட்டு வந்து, அன்றிரவே விழித்திருந்து பார்த்தவர்களை எனக்குத் தெரியும். களைப்பில் பாதிப்பேர் பாயிலேயே தூங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

இடம்

வாவிக்கும் கடலுக்கும் இடையே இருக்கும் எழுவான்கரைக்காரருக்குக் கடற்கரை ஒரு வரம். அன்ட்ரோமீடா நமக்குச் சரியாக வடகிழக்கில் உதிக்கிறது. கடலைப் பார்த்து நின்றால் முகத்துக்குச் சற்று இடப்பக்கம். அந்தப் பக்கம் ஊரும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் மட்டும் அங்கங்கே தெரியும். அவை அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் பெரிய தொந்தரவு இல்லை. கல்லடி, நாவலடிப் பக்கம் நகர வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பைனாகுலர் இருந்தால் அங்கேயே வேலையை முடிக்கலாம். வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் வாகரைப் பக்கமோ, அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவிலுக்குத் தெற்கே பொத்துவில் போகும் வழியிலோ, விளக்கு குறைந்த கடற்கரை ஒன்றைத் தேடுங்கள்.

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை இன்னும் இருட்டு. ஆனால் அங்கே இரவில் வயல்வெளிக்கும் குளக்கட்டுக்கும் தனியாகப் போகச் சொல்லி நான் எழுத மாட்டேன். யானை நடமாட்டம் உள்ள இடங்கள் அவை. அங்கேயே வாழ்பவர்கள்கூட இருட்டிய பிறகு கணக்குப் பார்த்துத்தான் வெளியே இறங்குகிறார்கள். படுவான்கரையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அவர்கள் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே பாய் விரியுங்கள். அதைவிட நல்ல வானம் வேறெங்கும் வேண்டியதில்லை. வாவிக் கரையில் தண்ணீர் ஓரமாக இருட்டில் உட்காருவதும் வேண்டாம். முதலை இருக்கிறது.

எங்கே போனாலும் இரண்டு மூன்று பேராகப் போங்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வையுங்கள். நடுச்சாமத்தில் மணலில் கிடந்து கருவியோடு கடலைப் பார்ப்பவரை ரோந்து வருபவர்கள் கேள்வி கேட்பது இயல்பு. ‘வெள்ளி பார்க்கிறோம், சேர், நீங்களும் பாருங்கள்’ என்று பைனாகுலரை நீட்டினால் பெரும்பாலும் பிரச்சினை முடிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்?

பைனாகுலர் ஒன்று. அவ்வளவுதான். தொலைநோக்கி வாங்கிய பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருப்பவர்கள் கடைசிவரை தொடங்குவதில்லை. பைனாகுலரின் மேல் ‘7 தர 50’ அல்லது ‘10 தர 50’ என்று பொறித்திருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இந்த வேலைக்கு இரண்டாவது எண்தான் முக்கியம், ஒளியைச் சேர்ப்பது அதுதான். 20 மடங்கு, 30 மடங்கு என்று விளம்பரப்படுத்தும் சின்னக் கருவிகளை வாங்காதீர்கள். கை நடுக்கம் மட்டும்தான் 30 மடங்காகத் தெரியும்.

டோர்ச் லைட்டின் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி இறப்பர் பட்டி போடுங்கள். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. பாய், நுளம்புக்கு ஏதாவது, பிளாஸ்கில் தேநீர். ஸ்டெலேரியம் என்ற இலவசச் செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் வசதி. ஆனால் இடத்தை மட்டக்களப்பு என்று அமைத்துவிடுங்கள். பாரிஸ் வானத்தை வைத்துக்கொண்டு இங்கே தேடினால் என் மூன்று இரவுகள்தான் உங்களுக்கும்.

கண்ணைப் பழக்குதல்

இடத்துக்குப் போனதும் பைனாகுலரைத் தொடாதீர்கள். 20 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம், சும்மா இருட்டில் இருங்கள். கண்மணி விரிவது சில நொடிகளில் நடக்கும். ஆனால் விழித்திரையில் இருட்டுக்கென்று இருக்கும் கலங்கள் முழு வேகத்துக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும். இடையில் ஒருவர் போனைத் திறந்தால் எல்லாருக்கும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கூட வருபவர்களிடம் இதை முன்கூட்டியே, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள். நான் என் மச்சானோடு ஒருமுறை இதற்காகவே சண்டை பிடித்திருக்கிறேன்.

கட்டிலைக் கண்டுபிடிப்பது

இனி வானம். செப்டம்பர் மாதம் இரவு 10 மணி என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே திரும்பி, பாதி உயரத்துக்கு மேலே பாருங்கள். நான்கு வெள்ளிகள் ஒரு பெரிய சதுரமாக நிற்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் 10 பாகை. சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் சுமார் ஒன்றரை முட்டி. உள்ளே ஏறக்குறைய வெறுமையாக இருக்கும், அதுதான் அடையாளம்.

மேனாட்டுப் படங்களில் இது பெகாசஸ் என்ற சிறகுக் குதிரையின் சதுரம். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேலே இருக்கும் இரண்டும் பூரட்டாதி, கீழே இருக்கும் இரண்டும் உத்தரட்டாதி. பழைய ஆட்கள் இரண்டையும் கட்டில்கால் என்று சொன்னதற்குக் காரணம் நேரில் பார்த்தால் உடனே புரியும்: நாலு கால், நடுவில் ஒன்றும் இல்லை. பூரட்டாதி முதலில் உதிக்கும், பின்னால் உத்தரட்டாதி. பஞ்சாங்கத்தில் இருக்கும் வரிசையே வானத்திலும் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த நட்சத்திரம் என்றால் அவர்களைக் கூட்டி வந்து காட்டுங்கள். பிறந்ததிலிருந்து பெயர் மட்டும் கேட்டவர்கள் அவர்கள்.

இப்போது கட்டிலின் கீழ் இடது காலைப் பிடியுங்கள். அதன் பெயர் அல்பெராட்ஸ்.

இரண்டு எட்டு, பிறகு ஒரு திருப்பம்

அல்பெராட்ஸிலிருந்து இடப்பக்கம் கீழ்நோக்கி, கட்டிலிலிருந்து ஒரு கைப்பிடி நீண்ட மாதிரி, வெள்ளிகள் வரிசையாகப் போகும். முதலில் கொஞ்சம் மங்கலான ஒன்று. அதைத் தாண்டி, அல்பெராட்ஸிலிருந்து ஒன்றரை முட்டித் தூரத்தில், அதே பிரகாசத்தில் இன்னொன்று. அதுதான் மிராக். பைனாகுலரில் பார்த்தால் இலேசான செம்மஞ்சள் நிறம் தெரியும். அந்த நிறம் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

மிராக்கை பைனாகுலர் வட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் திருப்பம், என் மூன்று இரவுகள் போன இடம். செப்டம்பரில், அது ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், இடப்பக்கம் சற்றே ஏறினாற்போல் நகருங்கள். 4 பாகை தள்ளி ஒரு மங்கல் வெள்ளி வரும், பெயர் மியூ. அதே திசையில் இன்னும் 3 பாகை போனால் அதைவிட மங்கலாக நியூ. நியூவுக்குப் பக்கத்தில், ஒன்றேகால் பாகைத் தூரத்தில், புகை மாதிரி ஒன்று நீள்வட்டமாகக் கிடக்கும்.

நள்ளிரவு தாண்டி அது உச்சத்துக்கு வந்துவிட்டால் வடக்கு நோக்கி நின்று, மிராக்கிலிருந்து கீழே, இடப்பக்கமாகச் சரிந்து தேடுங்கள். பொங்கல் காலத்தில், வடமேற்கில் இறங்கும்போது, ஏறக்குறைய நேர் கீழே. அப்போது கட்டிலும் மேற்கே சாய்ந்திருக்கும், அல்பெராட்ஸ் வலப்பக்கத்து மேல் கால் ஆகிவிடும், மிராக் அதற்கும் மேலே. எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வான்படத்தைக் கையில் எடுத்து, அதில் வடக்கு என்று போட்டிருக்கும் பக்கத்தை நேரில் வடக்கு அடிவானத்தை நோக்கித் திருப்பிப் பிடித்தால் எல்லாம் தானாகப் பொருந்தும்.

மிராக் பிடிபடவில்லை என்றால் வேறொரு வழி உண்டு. கசியோப்பியா என்ற ஐந்து வெள்ளிக் கூட்டத்தை ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து மாதிரி இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். நம் வடக்கில் அது உயரும்போது ‘எம்’ ஆகத்தான் தெரியும். அந்த எம்மின் இரண்டு முகடுகளில் இடது முகடுதான் கூர்மையானது. அது அம்பு மாதிரி மேலே காட்டும் திசையில் ஒன்றரை முட்டி போனால் அதே புகைப்பொட்டு.

இதுவா அது?

முதல்முறை பார்க்கும் எல்லாரும் ஏமாறுவார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. படங்களில் நீலக் கைகளும் பொன்னிற நடுப்பகுதியுமாகச் சுழன்று நிற்கும் அன்ட்ரோமீடா, மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்த கமராவின் வேலை. நம் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறப் பூச்சு ஒன்று, நடுவில் கொஞ்சம் பிரகாசம்.

ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது கரைவலைக்கு வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். “என்ன மனே, இந்த நேரத்தில என்னத்தத் தேடுறாய்?” என்றார். பைனாகுலரைக் கொடுத்து இடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “சிலேட்டுல அழிச்ச வெண்கட்டி மாதிரிக் கிடக்கு. இதுக்கா இந்தப் பாடு?” என்று கேட்டார். அதைவிடச் சரியான வர்ணனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒளி புறப்பட்டு 25 இலட்சம் வருஷம் என்று சொன்னதும் மறுபடி பைனாகுலரை வாங்கிக்கொண்டார்.

மங்கலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதன் மொத்த ஒளியும் ஒரே புள்ளியில் இருந்தால் வெறுங்கண்ணுக்கு எளிதாகத் தெரியும் வெள்ளியாக இருக்கும். ஆனால் படங்களில் அது ஆறு முழுநிலாக்களை வரிசையாக வைத்த நீளத்துக்கு விரிந்திருக்கிறது. ஒரு சிட்டிகை திருநீற்றை நெற்றி முழுக்கப் பூசினால் எப்படி? அப்படித்தான். நகரத்துக்கு அருகில் நடுப்பகுதி மட்டும் தெரியும். இருட்டு கூடக் கூட ஓரங்கள் நீண்டுகொண்டே போகும்.

நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும் என்பதையும் கவனிப்பீர்கள். கண்ணின் நடுப்பகுதி வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும். மங்கல் ஒளியைப் பிடிக்கும் கலங்கள் அதைச் சுற்றித்தான் அதிகம். ஆகவே பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்து, கடைக்கண்ணால் பாருங்கள். பைனாகுலரை மிக மெதுவாக ஆட்டினாலும் உதவும், நகரும் மங்கலைக் கண் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனைகள். மேகத் துண்டாக இருந்தால் பத்து நிமிடத்தில் இடம் மாறியிருக்கும். இது நியூவை விட்டு நகராது. கசியோப்பியாவுக்கு அந்தப் பக்கம் இரட்டைக் கொத்து என்று ஒன்று இருக்கிறது, வெறுங்கண்ணுக்கு அதுவும் புகை மாதிரிதான். பைனாகுலரை வைத்ததும் அது பொடிப்பொடி வெள்ளிகளாக உடைந்துவிடும். அன்ட்ரோமீடா உடையாது. அதிலும் வெள்ளிகள்தான், இலட்சம் கோடி அளவில். தூரம் அவற்றைப் பிரித்துப் பார்க்க விடுவதில்லை.

போனில் படம் எடுக்க ஆசையா? கையில் பிடித்து எடுக்க முடியாது. முக்காலியில் வைத்து, பூதக்கண்ணாடி மாதிரிப் பெரிதாக்காமல், 10 நொடி திறந்து வைக்கும்படி அமைத்தால் புதிய போன்களில் ஒரு சிறு நீள்பொட்டு விழும். பிள்ளைகளுக்குக் காட்ட அது போதும்.

பிடித்த பிறகு

நண்பர்களிடம் சிறு தொலைநோக்கி இருந்தால் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதிக்கு அருகே இரண்டு சிறு பொட்டுகள் தெரியும்: எம் 32, எம் 110. அன்ட்ரோமீடாவின் துணைப் பேரடைகள். பிறகு மிராக்குக்குத் திரும்பி, அன்ட்ரோமீடா இருக்கும் திசைக்கு நேர் எதிரே ஏறக்குறைய அதே தூரம் போனால் எம் 33 என்ற இன்னொரு சுருள் பேரடை. இன்னும் கொஞ்சம் தொலைவு, இன்னும் மங்கல். கல்லடியில் எனக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை, வாகரையில் ஒருமுறை கிடைத்தது.

சுருளைச் சுருளாகவே பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தால் மே, ஜூன் மாதங்களுக்குக் காத்திருங்கள். நமக்கு வானம் தெளிவான காலம், முன்னிரவிலேயே பார்க்கலாம். வடக்கே சப்தரிஷி மண்டலம் நல்ல உயரத்தில் நிற்கும். கல்யாண வீட்டில் ஐயர் பட்டப்பகலில் காட்டும் அருந்ததியும் வசிட்டரும் அதன் வாலில்தான் இருக்கிறார்கள். நிஜமாகவே பார்க்க விரும்பும் தம்பதிகள் அந்த மாதங்களில் இரவு 9 மணிக்கு மொட்டைமாடிக்கு வரலாம். வாலின் நுனி வெள்ளிக்கு மரீசி என்று பெயர். அது உச்சத்தில் இருக்கும்போது அதிலிருந்து இடப்பக்கம் மேலே, மூன்றரைப் பாகைத் தூரத்தில், எம் 51. தூரம் 2 கோடியே 30 இலட்சத்திலிருந்து 3 கோடி ஒளியாண்டு வரை மதிப்பிடுகிறார்கள். பேரடைகளுக்குச் சுருள் வடிவம் உண்டு என்று மனிதர் முதலில் கண்டது இதில்தான்: 1845இல், அயர்லாந்தில், ரோஸ் பிரபு தன் 72 அங்குலத் தொலைநோக்கியில். உங்களுக்கு 8 அங்குலமாவது வேண்டும், நல்ல இருட்டும் வேண்டும். பைனாகுலரில் அது ஒரு சின்னப் பஞ்சுப் பொட்டு மட்டுமே.

வீட்டுக்கு வந்ததும்

கடற்கரையில் இருந்த கருவியில் உப்பு படிந்திருக்கும். சாரத்து நுனியால் துடைத்துவிடாதீர்கள், மணல் கண்ணாடியைக் கீறும். காற்றூதும் இறப்பர்ப் பந்தால் முதலில் ஊதி, பிறகு கண்ணாடிக்கென்று உள்ள மெல்லிய துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் போன பிறகுதான் உறையில் போட வேண்டும். மாரி காலத்தில் மூன்று மாதம் அலுமாரியில் கிடந்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். என் முதல் பைனாகுலர் அப்படித்தான் போனது. இப்போது சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அவற்றோடு வைத்துவிடுகிறேன். பொங்கலுக்குக் கோலமாவை எடுக்கும் அன்றைக்கு அந்த டப்பாவையும் திறப்பது வழக்கமாகிவிட்டது.